காலமும் விதியும்

“காலம் என ஒன்று இல்லை, விஞ்ஞானமே ஒப்புக்கொண்டுவிட்டது, கேட்டீரா?” என்று மேடையேறி முழங்குவோர் உளர். உலகம் மாயை என்று தங்கள் பாட்டன் சொன்னதை மேலைநாட்டுப் பேராசிரியர்கள் மெய்ப்பித்துவிட்டனராம்! அந்த முழக்கத்திற்கு ஆதாரம் ஏதும் உண்டா என்று பார்க்கவே, இத்தாலிய இயற்பியலறிஞர் கார்லோ ரோவெல்லி 2017இல் வெளியிட்ட ‘காலத்தின் ஒழுங்கு’ என்னும் நூலை எடுத்தோம்.

முதற்பகுதி தெளிந்த நீரோடை. மலையுச்சியில் காலம் விரைகிறது. கடற்கரையில் மெல்ல நடக்கிறது. உவமையன்று இது, அளந்தறிந்த உண்மை. 2010இல் அமெரிக்காவின் போல்டர் நகரில், ஒரு கடிகாரத்தை மற்றொன்றைவிட 33 சென்டிமீட்டர் உயர்த்தி வைத்து, இரண்டும் வேறுபட்டு ஓடுவதைக் கண்டனர். நூல் வெளிவந்தபின், 2022இல், அதே நகரில் ஒரு மில்லிமீட்டர் உயர வேறுபாட்டிற்குள்ளேயே அதனைக் கண்டனர். உலகனைத்திற்கும் ஒரே ‘இப்பொழுது’ என்னும் எண்ணம் போயிற்று.

அடுத்து குவாண்டம் உலகம். சுரோடிங்கர் 1926இல் தந்த சமன்பாட்டில் காலம் வெளியே நின்று ஓடும் கடிகாரம். ஐன்ஸ்டீனின் கொள்கையிலோ, பொருளின் முன்னே அக்கடிகாரமே தளர்கிறது. இரண்டையும் இணைக்க முற்பட்டு 1967இல் டிவிட் வெளியிட்ட சமன்பாட்டில் காலத்தைக் குறிக்கும் எழுத்தே இல்லை! அவ்வாறாயின் இயற்கை விதி எதைத்தான் சொல்கிறது? ஒன்று மாறும்போது மற்றொன்று எவ்வாறு மாறும் என்பதைச் சொல்கிறது என்கிறார் ரோவெல்லி. ஊசலை நாடித்துடிப்பால் அளக்கலாம். நாடித்துடிப்பை ஊசலால் அளக்கலாம். இரண்டுக்கும் மேலே ஒரு பெருங்கடிகாரம் தொங்கவேண்டியதில்லை. மாற்றம் பொய் என்று அவர் எங்கும் எழுதவில்லை. உலகமே நிகழ்ச்சிகளால் ஆனது என்றுதான் எழுதுகிறார். மாயாவாதிக்கு இங்கே பிடிகொம்பு ஏது?

நம் மொழியில் ‘விதி’ என்னும் ஒரே சொல் இயற்கையின் ஒழுங்கையும் தலையெழுத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. அதனால் விளைந்த குழப்பம் கொஞ்சமன்று. ரேடியத்தை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 1,600 ஆண்டுகளில் அதன் அணுக்களில் பாதி சிதையும் என்று இயற்கை விதி உறுதியாக உரைக்கிறது. எந்த அணு, எந்த நாளில் என்று கேளுங்கள், வாய் திறவாது. நிகழக்கூடியதன் அளவைச் சொல்வதோடு நிற்பதே குவாண்டம் விதி. ஒவ்வோர் அணுவின் முடிவும் எங்கோ மறைவாக வகுக்கப்பட்டிருக்கிறது என்று கருதும் அறிஞரும் சிலர் உளர். அதனை அவர்களும் இன்றுவரை முன்கூட்டிப் படித்துக் காட்டியதில்லை. சோதிடருக்கு மட்டும் எப்படித் தெரிந்ததோ!

இத்தனையும் சொன்னபிறகும் ரோவெல்லியை நாம் விட்டுவிடுவதற்கில்லை. காலம் துணுக்குத் துணுக்காக அமைந்தது என்கிறார். ஒரு நொடியைப் பத்தின் 44ஆம் அடுக்கால் வகுத்தால் அத்துணுக்கின் அளவு ஏறத்தாழக் கிட்டும். மனிதன் அளந்தது எவ்வளவு? 2020இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள், ஒளி ஒரு ஹைட்ரஜன் மூலக்கூற்றைக் கடக்கும் நேரத்தை 247 செப்டோநொடி என்று அளந்தனர். அருஞ்செயல்தான். ஆனால் அந்த அளவுக்கும் ரோவெல்லியின் துணுக்குக்கும் இடையே, ஒன்றுக்குப்பின் 24 சுழியங்கள் இட்டாலும் போதாத பெருவெளி கிடக்கிறது. மலைக்கடிகாரத்தைச் சொன்ன அதே குரலில் இதனையும் சொல்லலாமா?

மூன்றாம் பகுதி இன்னும் துணிச்சலானது. இறந்தகாலம் வேறு, எதிர்காலம் வேறு என்று தோன்றுவதற்கே, உலகை நாம் மங்கலாகப் பார்க்கும் பார்வை காரணமாகலாம் என்கிறார். ஐயத்தைச் சில இடங்களில் அவரே ஒப்புகிறார், மறுக்கவில்லை. ஆயினும் ஓரேசு என்னும் உரோமானியக் கவிஞனின் வரிகளும், மிலிந்த மன்னனுக்குப் பௌத்தத் துறவி சொன்ன தேர்க்கதையும் வந்து மணம் பரப்ப, அளவுகோல் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. உடைந்த குடம் ஏன் தானாக ஒட்டுவதில்லை என்று கேட்பவனிடம், “நீ பார்க்கும் பார்வை அத்தகையது” என்றால் போதுமா? அதனை எந்தச் சோதனையால், எந்தக் கருவியால் சரிபார்ப்பது? நூலின் கடைசிப் பக்கம் வரை தேடினோம். அதற்கு விடை காணோம்.