பழகிய குட்டி, பழகாத ஊர்

பூனை வீட்டுக்குள் வரலாமா என்று கிழக்கிலங்கையின் கல்முனைக்குடியில் யாரும் கேட்பதில்லை. நாய்க்கு வாசலோடு எல்லை, பூனைக்கு அப்படி எதுவும் கிடையாது. அபூ கதாதா (ரழி) அவர்கள் வுழூச் செய்ய வைத்திருந்த தண்ணீரைத் தேடிப் பூனை வந்தபோது, பாத்திரத்தையே அதன் பக்கம் சரித்துக் கொடுத்த செய்தி மத்ரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். பூனை அசுத்தமல்ல, நம்மைச் சுற்றித் திரியும் சீவன்களில் ஒன்று என்பது அந்த ஹதீஸின் சாரம். ஆகவே மீன் வெட்டும்போது அது காலைச் சுற்றுவதோ, தொழுகைப் பாயில் சுருண்டு படுப்பதோ இங்கே யாரையும் ஆச்சரியப்படுத்தாது.

அதே ஊரில்தான் கண் திறந்து சில நாளான குட்டிகள் பிஸ்கட் பெட்டிக்குள் வைத்து மீன் சந்தைப் பக்கமோ பள்ளிவாசல் மதிலோரமோ விடப்படுகின்றன. இரக்கமில்லாதவர்கள் செய்வதென்று சொல்லிவிட முடியாது. ‘சந்தையில் மீன் தலையாவது கிடைக்கும், பள்ளிக்கு வருபவர் யாராவது எடுப்பார்’ என்ற கணக்கில் இரக்கமும் கைகழுவலும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. அப்படி விடப்பட்ட பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வருபவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்கள், வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பவர்கள். சில வாரம் வைத்துப் பாலூட்டி, மனிதரோடு பழக்கி, கைபேசியில் படம் போட்டு, கேட்பவருக்குக் கொடுக்கிறார்கள். கொழும்பிலும் கண்டியிலும் விலங்கு நல அமைப்புகள் செய்யும் வேலையை இவர்கள் பெயர்ப்பலகை இல்லாமல் செய்கிறார்கள். பாராட்டப்பட வேண்டிய வேலைதான். ஆனால் பாராட்டோடு விட்டுவிடுவதால், அதன் குறைகளை யாரும் எடுத்துப் பேசுவதில்லை.

முதலில் அதன் பலம். குட்டியைப் பழக்குவது வெறும் செல்லம் அல்ல, அதற்கு ஒரு பருவம் உண்டு. பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் 1980களில் செய்த ஆய்வுகள், குட்டி பிறந்த 2ஆம் வாரத்திலிருந்து 7ஆம் வாரம் வரை மனிதக் கை படுவதே அதன் பிற்கால சுபாவத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று காட்டின. நாளுக்கு 15 நிமிடம் கையாளப்பட்டவற்றைவிட 40 நிமிடம் கையாளப்பட்டவை மனிதரை விரைவாக நெருங்கின, கூடுதல் நேரம் அருகில் இருந்தன. பிரித்தானியாவில் ரேச்சல் கேசியும் ஜோன் பிராட்ஷோவும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, காப்பகக் குட்டிகளையே எடுத்துக்கொண்டது. அங்கே கூடுதலாகப் பழக்கப்பட்டவை ஒரு வயதில் மனிதருக்குக் குறைவாகவே அஞ்சின. வளர்த்தவர்களும் அவற்றோடு நெருக்கமாக இருந்தார்கள்.

இந்த வேலையைக் கிட்ட நின்று பார்த்தால்தான் அதிலுள்ள பொறுமை புரியும். நான்கு வாரக் குட்டி சுவர் மூலையில் ஒடுங்கி, உள்ளங்கை அளவு உடம்பை ஊதிப் பெருக்கி, காதை மடக்கிச் சீறும். தூக்கப் போனால் பல் பதியும். கைப்பழக்கம் உள்ளவர் தூக்கப் போவதே இல்லை. தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து, அதன் கண்ணைப் பார்க்காமல், அவித்து முள்ளெடுத்த சூடை மீனில் ஒரு துணுக்கை விரல் நுனியில் ஒட்டி நீட்டுவார். முதலில் ஒரு முழம் தள்ளி வைத்தால்தான் தின்னும். நாக்கு விரலில் படத் தொடங்கிய பிறகு தாடைக்குக் கீழே ஒற்றை விரலால் தடவுவார். மேலிருந்து கை வந்தால் காகமோ பருந்தோ என்று பதுங்கிவிடும். அடுத்தது பழைய சாரன் துண்டில் சுற்றி மடியில் வைப்பது. சாப்பாட்டை வைத்துவிட்டுப் போய்விடுவதில்லை, தட்டும் ஆளும் சேர்ந்தே வர வேண்டும். பசிதான் இங்கே வாத்தியார்.

இந்த வகையில் கல்முனைக்குடிக்கு ஒரு வாய்ப்பு உண்டு. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் வீடு சீதனமாகப் பெண்பிள்ளைக்குப் போகிறது, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். அதனால் மூத்தம்மா, உம்மா, சாச்சி, ராத்தா என்று ஒரே வளவிலோ மதிலுக்கு மதிலோ பல வீடுகள் ஒட்டி நிற்கின்றன. ஒரு குட்டி ஒரு வாரத்துக்குள் எத்தனை கைகளுக்கு மாறும் என்று எண்ண வேண்டியதே இல்லை. 1967இல் கொலார்ட் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஆள் கையாண்ட குட்டிகளைவிட ஐந்து பேர் கையாண்டவை அந்நியரைக் கண்டு குறைவாகவே பயந்தன. காப்பகங்கள் தொண்டர்களைத் தேடிப் பிடித்துச் செய்வதை இங்கே சீதன முறை சும்மாவே செய்து கொடுக்கிறது. பாங்கொலி, கிரைண்டர் சத்தம், தகரத்தில் மழை, குழந்தை அழுகை எல்லாம் கூடவே காதுக்குப் பழகிவிடும்.

ஒரு எச்சரிக்கை: எல்லாம் கைப்பழக்கத்தில் இல்லை. சாண்ட்ரா மெக்கூன் 1995இல் வெளியிட்ட ஆய்வின்படி, துணிச்சலான தகப்பனுக்குப் பிறந்தவை பழக்காதபோதும் ஓரளவு துணிச்சலாகவே இருந்தன. குட்டியின் முகத்தையே பார்த்திராத கடுவனுக்கும் இதில் பங்குண்டு. எவ்வளவு பாடுபட்டும் மிரண்டே நிற்கும் ஒரு குட்டிக்காகப் பழக்கியவளைக் குறை சொல்வது நியாயமில்லை.

இனிக் குறைகளுக்கு வருவோம். குட்டியைப் பழக்கும் முறை பற்றிய கையேடுகள் பெரும்பாலும் அமெரிக்க நகரங்களின் கதவடைத்த வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பூனை ஆயுள் முழுக்க உள்ளேயே இருக்கும், ஆகவே பயம் என்பதே அதற்குத் தேவையில்லை என்ற எண்ணம் அவற்றின் அடியில் ஓடுகிறது. அதனால் நாய்க்கும் பழக்கு, வாகனத்துக்கும் பழக்கு, வந்தவர் போனவர் எல்லாருக்கும் பழக்கு என்கின்றன. கல்முனைக்குடிப் பூனை பாதி வீட்டில், பாதி மதிலில் வாழ்கிறது. காலையில் கடற்கரையில் கரைவலை இழுக்கும் இடத்துக்குப் போகும், பகலில் அடுத்த வளவில் தூங்கும், மஃரிபுக்குக் குசினிக்குத் திரும்பும். ஊரை ஊடறுத்துப் போவது ஏ-4 நெடுஞ்சாலை. ஒழுங்கைகளில் மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் ஓய்வதில்லை. தெருநாய்க்குப் பஞ்சமும் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் எதற்கும் பயப்படாத குட்டி நல்ல குட்டி அல்ல, சீக்கிரம் சாகப்போகிற குட்டி.

வீட்டாருக்குப் பழக்குங்கள், தெருவுக்குப் பழக்காதீர்கள் என்பதே என் கட்சி. பெண்கள், முதியோர், பிள்ளைகள், தொப்பி போட்டவர், தாடி வைத்தவர் என்று மனிதர்களுக்கு எவ்வளவு பழக்கினாலும் தகும். நாயைக் கண்டால் மதிலேறும் புத்தியையும் இயந்திரச் சத்தம் கேட்டால் ஒதுங்கும் புத்தியையும் கெடுக்க வேண்டாம். வளர்ப்பு நாயோடு குட்டி விளையாடும் படத்துக்குப் பாராட்டு குவியலாம். அந்தக் குட்டி தெருநாயையும் அதே கண்ணால்தான் பார்க்கும்.

சுனாமிக்குப் பின் கட்டப்பட்ட கிறீன்பீல்ட் போன்ற மாடிவீடுகளில் நிலைமை வேறு. அங்கே பூனை உள்ளேயே இருக்க வேண்டியதுதான், கையேடு சொல்வது அங்கே பொருந்தும். ஆனால் அடைத்து வைப்பதே பாவம் என்று தயங்குபவர்கள் உண்டு. பூனையை அடைத்து வைத்ததற்காக நரகம் புகுந்த பெண்ணைப் பற்றிய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. அவள் உணவும் கொடுக்கவில்லை, தானாகத் தேடித் தின்னவும் விடவில்லை என்பதையும் அதே ஹதீஸ் சொல்கிறது. பட்டினியை விட்டுவிட்டுப் பூட்டை மட்டும் நினைவில் வைத்திருப்பது முறையல்ல.

அடுத்த குறை அவசரம். ஐந்து, ஆறு வாரத்தில் குட்டி பார்க்க மிக அழகாக இருக்கும், கேட்டவுடன் ஆள் கிடைக்கும். மூன்று மாதமானால் கால் நீண்டு முகம் ஒடுங்கி, கேட்பார் குறைந்துவிடுவார்கள். பால் மறந்தால் கொடுத்துவிடலாம் என்பது ஊர் வழக்கும்கூட. ஆனால் பின்லாந்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பூனைகளை வைத்து 2017இல் வெளிவந்த ஆய்வு, 8 வாரத்துக்கு முன் தாயைப் பிரிந்தவை பின்னால் கூடுதலாக மூர்க்கம் காட்டியதைக் கண்டது. 14 வாரம் வரை தாயோடு விடச் சொன்னது. கடி எவ்வளவு வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும்தான். தனியாகப் போத்தல் பாலில் வளர்ந்த குட்டி மனிதக் கையையே விளையாட்டுப் பொருளாக்கிக்கொள்கிறது. சிறு குட்டியாக இருக்கையில் அது வேடிக்கை. ஒரு வருடம் கழித்து அதே பல் பிள்ளையின் கையில் இறங்கினால் மீண்டும் மீன் சந்தை. அப்படியானால் பழக்கியதற்கு என்ன பலன்?

குஞ்சுகளை எடுத்துவிட்டதால் தவித்துச் சுற்றிய தாய்ப் பறவையிடம் அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் கட்டளை அபூதாவூதில் உண்டு. குட்டியைத் தூக்கி வருபவர்கள் இதையும் யோசிக்கலாம். பெட்டியில் விடப்பட்டவை வேறு. கூரைக்கு மேலோ விறகுக்குப் பின்னாலோ சத்தம் கேட்டவுடன் தாயில்லை என்று முடிவு கட்டி எடுத்து வருவது வேறு. தாய் இரை தேடப் போயிருக்கும், அல்லது இடம் மாற்றிக்கொண்டிருக்கும். திரும்பி வந்து குட்டியைக் காணாமல் அது வளவு வளவாகக் கத்தித் திரிவதைக் கேட்டவர்களுக்குக் ‘குட்டி போட்ட பூனை’ என்று நாம் சும்மா சொல்வதன் கனம் தெரியும்.

நோய் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஆனால் சொல்லாமல் விட முடியாது. பூனைகளுக்கு வரும் பான்லியூகோபீனியா என்ற வைரஸ் குட்டிகளை இரண்டொரு நாளில் கொன்றுவிடும். வீட்டுக்குள் மாதக்கணக்கில், ஒரு வருடம் வரைகூடத் தங்கும். வழக்கமான கிருமிநாசினிகள் பலவற்றுக்கு அடங்காது, பிளீச் கலந்த தண்ணீருக்கு அடங்கும். ஒரு கூட்டம் செத்த அறையில் அடுத்த கூட்டத்தை வைக்கும் நல்ல மனம், தெரியாமலே கொலை செய்கிறது. பசுப்பாலும் மாப்பாலும் குட்டி வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, கழிச்சலில் தண்ணீர் வற்றியே பல போய்விடுகின்றன. விசர்நோய் நாய்க்கு மட்டும் உரியதல்ல. அதற்கான ஊசியைக் குட்டிக்குப் பொதுவாக மூன்று மாதமளவில்தான் போடுகிறார்கள், நம்மூரில் கைமாறுவதோ அதற்கு வெகு முன்னால். கடித்தாலோ பிறாண்டினாலோ மஞ்சள் பூசிக்கொண்டிருக்காமல், சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அரச வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அங்கே சிகிச்சை இலவசம்.

இவை எல்லாம் திருத்தக்கூடியவை. என்னை உறுத்துவது வேறொன்று. குட்டியை எடுத்து வளர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு ஊரின் பூனைப் பெருக்கத்தைக் குறைப்பதில்லை, அதைக் கண்ணில் படாமல் மறைக்கிறது. இன்ன வீட்டுப் பிள்ளை எடுப்பாள் என்று தெரிந்துவிட்டால், பெட்டி சந்தைக்குப் போகாமல் அவள் வாசலுக்கே வரும். பெட்டி வைத்தவருக்கு மனச்சுமை தீர்ந்தது, அவருடைய வளவில் தாய்ப்பூனை அடுத்த ஈற்றுக்குத் தயார். பூனையின் சினைக்காலம் ஒன்பது வாரம்தான். பொட்டைக்குட்டி நாலைந்து மாதத்தில் சினைப்பட்டுவிடலாம். குட்டி கேட்டு வருபவர் முதலில் கேட்பது ‘கடுவனா?’ என்றுதான். மிஞ்சுவது பொட்டைகள். கடைசியில் யாரோ ஒருவர் எடுத்துப்போன பொட்டை, ஏழெட்டு மாதத்தில் தன் குட்டிகளோடு அதே வாசலுக்குத் திரும்பினாலும் ஆச்சரியமில்லை.

வழி கருத்தடைதான். அது இங்கே நடக்காததற்குக் காசு மட்டும் காரணமல்ல. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் பெரும் அறிஞர் இமாம் நவவி, ஸஹீஹ் முஸ்லிமுக்கு எழுதிய விரிவுரையில், உண்ணப்படாத பிராணிகளுக்குக் காயடிப்பது கூடாது என்ற அறிஞர் பகவீயின் கருத்தை எடுத்து எழுதியிருக்கிறார். படித்தவர்கள் அதைச் சொல்லும்போது குட்டி எடுத்து வளர்க்கும் பிள்ளைகள் வாயடைத்துப் போகிறார்கள். ஆனால் பேச்சு அதோடு முடியவில்லை. பூனைகள் பெருகித் தொல்லையாகிவிட்டால், அறுவையால் அவற்றுக்குத் தீங்கில்லையென்றால் செய்யலாம், பிறந்தபின் கொல்வதைவிட அது மேல் என்று சவூதி அறிஞர் இப்னு உஸைமீன் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். மத்ஹபைப் பற்றி நிற்பவர்களுக்கு அது மட்டும் போதாது. பழைய நூல்கள் பேசிய கத்தியும் இன்றைய மயக்க மருந்தும் ஒன்றா, பெட்டியில் வைத்துச் சாக விடுவதைவிட எது குறைந்த தீங்கு என்பதை உள்ளூர் உலமாக்கள் எடுத்துப் பேசி, ஜும்ஆ மேடையில் தெளிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு இதில் விடை தெளிவாகவே தெரிகிறது. ஆனால் என் சொல்லுக்கு ஊர் பூனையைத் தூக்கிக்கொண்டு வராது, அவர்கள் சொல்லுக்கு வரும்.

அரசின் பக்கமும் ஓட்டை இருக்கிறது. 2006இல் தெருநாய்களைக் கொல்வதை நிறுத்திய பின் தடுப்பூசி, கருத்தடை என்று வந்த திட்டங்கள் நாய்களை முன்வைத்தே வகுக்கப்பட்டன. பூனை அவற்றின் ஓரத்தில்தான் நிற்கிறது. மிருகவதைச் சட்டமோ 1907ஆம் ஆண்டுக்குரியது. அதிலுள்ள நூறு ரூபாய்த் தண்டம் யாரையும் பயமுறுத்தப் போவதில்லை.

ஆகவே என் தீர்ப்பு இது. தாயில்லாத குட்டியைப் பழக்கிக் கொடுப்பது தேவையான வேலை, அதை இந்தப் பிள்ளைகள் நன்றாகவே செய்கிறார்கள். தாயுள்ள குட்டியைத் தூக்கி வருவது தேவையில்லாத வேலை. அந்தக் குட்டிகளை இருந்த வளவிலேயே தாயோடு விட்டு, அந்த வீட்டாரையே தினம் கொஞ்ச நேரம் தூக்கி வைக்கச் சொன்னால் போதும். பெட்டியோடு வாசலுக்கு வருபவரிடம் குட்டியை வாங்குமுன் தாயை எப்போது கருத்தடைக்குக் கொண்டுபோவீர்கள் என்று கேளுங்கள். பொட்டையை எடுத்துப்போகிறவரிடமும் அதையே கேளுங்கள். மாநகர சபையும் கால்நடை வைத்திய அலுவலகமும் வருடத்தில் சில நாட்களைப் பூனைக்கென்று ஒதுக்கட்டும். பள்ளிவாசல் நிர்வாகங்கள் அந்த நாட்களை ஒலிபெருக்கியில் அறிவிக்கட்டும்.