கூலியும் கூலியாளும்

ஆங்கிலத்தில் ‘கூலி’ என்றால் சுமை தூக்குவோன். தமிழிலோ அவன் பெறும் ஊதியம். வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் உழைப்பின் பயனையே இச்சொல்லாற் குறித்தார். 1886-இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதி, குஜராத்துக் கோலி வகுப்பாரின் பெயரையும் இதற்கு மூலமாக ஆராய்கிறது. மூலம் எதுவாயினும் ஆகுக. அது வசைச்சொல்லானதில் ஐயமில்லை. 1893-இல் நேட்டால் சென்ற காந்தியாரையே ‘கூலி பாரிஸ்டர்’ என்றனர் வெள்ளையர். அவர் யாருடைய சுமையைத் தூக்கினாரோ! எமது ஜோகூரிற் பால்மரம் சீவ வந்த தமிழருக்கும் அப்பெயரே ஒட்டியது.

அன்னியன் அறியாமற் செய்தான் எனலாம். ஆங்கிலம் கற்ற நம்மவர் செய்வதென்ன? அச்சொல்லைத் தமிழுக்கு மீட்கையில் ‘கூலிகள் வந்தனர்’ என்றே எழுதுகின்றனர். சம்பளமா கப்பலேறி வந்தது? ‘கூலியாட்கள்’ என்றெழுத இரண்டெழுத்துத்தானே கூடுதல்? அந்த இரண்டெழுத்துக்கும் பஞ்சமா?