தகராறு

ஓர் இளம் எழுத்தாளர் தம் நாவலின் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்டிருந்தார். பாகப் பிரிவினைக் கதை. நடுவே அண்ணன் தம்பி சண்டை, பன்னிரண்டு பக்கம். அண்ணன் ஒரு நியாயம் சொல்கிறான். தம்பி அதை மறுத்து வேறொன்று சொல்கிறான். அண்ணன் அதற்கும் மேலாக ஒன்றை எடுக்கிறான். இரண்டு வக்கீல்கள் வாதாடுகிற மாதிரி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது தகராறு இல்லை.

அந்தச் சொல்லே எனக்குச் சாட்சி. அரபு மொழியில் ‘தக்ரார்’ என்றால் சொன்னதையே திரும்பச் சொல்லுதல், அவ்வளவுதான். கவிதையில் ஒரு சொல் மீண்டும் மீண்டும் வருவதற்கு அவர்களுடைய அணியிலக்கணத்தில் இதுவே பெயர். அதன் வேரோ போர்க்களத்துச் சொல்: குதிரை வீரன் பின்வாங்கி, வளைந்து, மறுபடி பாய்வது. துருக்கியில் ‘தெக்ரார்’ என்றால் ‘மறுபடியும்’. இன்றைய பாரசீகத்திலும் சண்டை இல்லை. உருதுவில்தான் வாய்ச்சண்டை என்ற பொருளும் சேர்ந்திருக்கிறது. மராத்தியில் புகார், மலையாளத்தில் யந்திரம் பழுதானால்கூட ‘தகரார்’. ஆற்காட்டு நவாபுகள் காலத்தில் பாரசீகம் ஆட்சி மொழி. வசூல், பாக்கி, ஜப்தி போன்ற அரபுச் சொற்கள் கச்சேரி வழியாக நம் வீட்டுக்குள் வந்தன. இதை எடுத்துவிட்டுப் ‘பூசல்’ என்று போடச் சொல்கிறார்கள் சிலர். நல்ல சொல்தான். ஆனால் கிளம்ப மறுக்கும் மோட்டார் வண்டி ‘தகராறு பண்ணும்’, பூசல் பண்ணாது.

வீட்டுச் சண்டையைக் காது கொடுத்துக் கேட்டவர்களுக்கு இந்தப் பொருள் மாற்றம் ஆச்சரியம் தராது. “அம்மாவுக்கு மருந்து வாங்கப் பணம் கேட்டேனே, அன்னிக்கு என்ன சொன்னே?” என்று ஒருவன் கேட்பான். பதில் வந்தாலும் வராவிட்டாலும், கால் மணி கழித்து அதே கேள்வி, இன்னும் கொஞ்சம் உரத்து. நிலமும் கிணறும் பேசித் தீர்ந்த பிறகும் அது தீராது. இந்த நாவலில் தம்பி அந்தக் கேள்வியை ஆறாம் பக்கத்தில் ஒரே ஒரு தடவை கேட்டு, அண்ணன் பதிலில் திருப்தியடைந்து, மேலே போய்விடுகிறான்!

கூறியது கூறல் குற்றம் என்கிறது நன்னூல். நூலுக்குக் குற்றம்தான், கோபத்தில் இருக்கிறவன் நூலா எழுதுகிறான்? நானும் அந்தப் பயத்தால் கெட்டவன். என் முதல் நாவலில் மாமியார் நான்கு தடவை சொன்ன ஒரு வாக்கியத்தில் மூன்றை அடித்துவிட்டேன். மிஞ்சியது அழகான வாக்கியம். சண்டை போய்விட்டது.

பிரதியைத் திருப்பிக் கொடுக்கையில், நியாயங்களில் பாதியை நீக்கி, மருந்துக் கேள்வியை மூன்று இடத்தில் அப்படியே வைக்கச் சொன்னேன்.

“அச்சுப் பிழை என்று நினைத்துவிட மாட்டார்களா, ஸார்?” என்றார் அவர்.