ஆசிரியைக்கு வந்த கடிதம்

கல்வியைப் பற்றி உலகில் எழுதப்பட்ட நூல்களுக்குக் கணக்கில்லை. அவற்றை எழுதியவர்கள் யாவர்? பட்டம் பெற்றோர், பதவி வகித்தோர், பரீட்சை என்னும் ஆற்றை அக்கரைவரை நீந்திக் கடந்தோர். நடு ஆற்றில் தள்ளப்பட்டவன் எழுதிய நூல் உண்டா என்று தேடினால் எண்ணுவதற்கு ஒரு கையே அதிகம். அத்தகைய நூல் ஒன்றை வாசக நேயர்களுக்கு அறிமுகப்படுத்தி, அதன் குணத்தையும் குற்றத்தையும் சீர்தூக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். 1967-ஆம் ஆண்டு இத்தாலிய மொழியில் வெளிவந்த 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்பது அதன் பெயர். ஆங்கில மொழிபெயர்ப்பு 1970-இல் வந்தது. நூலாசிரியர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'பார்பியானாப் பள்ளி' என்று மட்டுமே காண்கிறோம். எழுதியவர்கள் அப்பள்ளியைச் சேர்ந்த எட்டுச் சிறுவர்கள்.

பார்பியானா என்பது பிளாரன்ஸ் நகருக்கு வடகிழக்கே மலைச்சாரலில் சிதறிக் கிடந்த சில குடியானவர் வீடுகளின் பெயர். 1954-ஆம் ஆண்டின் இறுதியில் லொரென்ஸோ மிலானி என்னும் பாதிரியார் அங்கு அனுப்பப்பட்டபோது ஊருக்குச் சரியான சாலை இல்லை; மின்சாரம் இல்லை. அவர் செல்வக் குடியிற் பிறந்தவர். முன்பு வேலைபார்த்த ஊரில் தொழிலாளருக்கு இரவுப் பள்ளி நடத்தி, மேலிடத்தாரின் மனக்கசப்பைச் சம்பாதித்துக் கொண்டவர். பாதிரியார் நடத்திய பள்ளி என்றதும் நம் தோழர்களிற் சிலர் புருவத்தை நெரிக்கலாம். அவர்கள் பொறுத்தருள வேண்டும். அவருடைய முதல் நூலை 1958-இல் விற்பனையிலிருந்து திரும்பப் பெறச் செய்ததே அவருடைய திருச்சபைதான்.

அந்த மலையில் அவர் நடத்திய பள்ளிக்கு ஆண்டில் 365 நாளும் வேலை நாள். காலை முதல் மாலை வரை படிப்பு. விடுமுறை கிடையாதா, இது என்ன கொடுமை என்று கேட்கத் தோன்றும். அச்சிறுவர்களுக்கு விடுமுறை என்றால் மாட்டுத் தொழுவத்தில் சாணம் வாருவது. அதற்குப் பள்ளிக்கூடம் எவ்வளவோ மேல் அல்லவா? நாள்தோறும் செய்தித்தாள் உரக்கப் படிக்கப்பட்டது. தெரியாத சொல் வந்தால் அது துலங்கும்வரை மேலே செல்வதில்லை. மிகவும் மந்தமானவன் எவனோ அவனே வகுப்பின் செல்லப் பிள்ளை. அவனுக்கு விளங்காமல் பாடம் நகராது. பெரியவன் சிறியவனுக்குக் கற்பித்தான். கடிதத்தை எழுதும் சிறுவன் வந்து சேர்ந்த மறு ஆண்டே வாரத்தில் மூன்று அரைநாள் ஆசிரியனாகி, கீழ் வகுப்புக்குப் பூகோளமும் கணிதமும் பிரெஞ்சும் சொல்லிக் கொடுத்தானாம். சுவரில் 'ஐ கேர்' என்ற ஆங்கில வாசகம் எழுதப்பட்டிருந்தது. 'எனக்கு இதில் அக்கறை உண்டு' என்பது அதன் பொருள். 'எனக்கென்ன' என்று மார்தட்டிய பாசிஸ்டுகளின் கோஷத்துக்கு அதுவே மறுமொழி.

இனி நூலின் இலக்கியத் தகுதியைப் பார்ப்போம். கல்வியியலார் இந்நூலைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். எழுத்துக் கலை பயில்வோர் போதிய அளவு பேசவில்லை என்பது எம் குறை. எட்டுப் பேர் எழுதிய நூல் ஒரே சிறுவன் பேசுவதுபோல் ஒலிக்கிறதே, எப்படி? அந்த வழியையும் அவர்களே சொல்லி விடுகிறார்கள். ஒவ்வொருவனும் ஒரு குறிப்பேடு வைத்திருப்பான். தோன்றிய எண்ணத்தைத் தோன்றிய உடன் குறித்துக் கொள்வான். ஒரு சீட்டில் ஒரே எண்ணம். ஒருநாள் எல்லாச் சீட்டுகளையும் பெரிய மேசையின்மேல் பரப்புவார்கள். இருமுறை வந்தவை கழிக்கப்படும். இனமானவை ஒரு குவியலாகும். குவியல் ஒவ்வொன்றும் ஓர் அத்தியாயமாகும். பிறகு எழுதி, உரக்கப் படித்து, மிகையான சொல்லைத் தேடித் தேடி வெட்டுவார்கள். கடைசியில் அதிகம் படிக்காத அயலார் சிலரை அழைத்துப் படிக்கச் சொல்லி, அவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்களோ அங்கே மீண்டும் திருத்துவார்கள். கூடி எழுதும் இந்தப் பழக்கத்துக்கு 1963-இல் மாரியோ லோதி என்னும் இத்தாலியக் கிராமத்து ஆசிரியரின் மாணவர்களோடு நிகழ்ந்த கடிதப் போக்குவரத்து வித்தாயிற்று.

நம் பள்ளிகளில் கட்டுரை எழுதப் பழக்கும் முறையை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். முன்னுரை, முடிவுரை, நடுவே மூன்று பத்தி; ஒவ்வொரு பத்திக்கும் ஒரு பழமொழி; மழையைப் பற்றி எழுதினாலும் மாமனைப் பற்றி எழுதினாலும் அதே உவமைத் தொடர்கள். மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்து ஒப்புவிப்பவனுக்கு நல்ல மதிப்பெண். தான் கண்டதைத் தன் சொல்லால் எழுதியவனுக்குச் சிவப்பு மையால் ஒரு சுழி. இது மாணவன் குற்றமன்று. ஆசிரியர் பயிற்சியில் அவருக்கும் யாரும் எழுதக் கற்பிக்கவில்லை, திருத்தவே கற்பித்தார்கள். எழுதத் தெரியாதவர் எழுத்தைத் திருத்துவது குருடர் வழிகாட்டுவதற்கு ஒப்பாகும்.

ஆசிரியர் பயிற்சி என்று சொன்னோம். இக்கடிதத்தின் உயிர்நிலை அதுவே. பார்பியானாச் சிறுவர்கள் சிலர் தாமும் ஆசிரியராக வேண்டுமென்று பிளாரன்ஸில் ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் தேர்வை எழுதித் தோற்றார்கள். அங்கே அவர்களைத் தள்ளிய ஆசிரியையே கடிதத்தில் விளிக்கப்படுபவர். எதைக் கொண்டு தள்ளினார்கள்? அன்றாட வாழ்வில் ஒருவரும் பேசாத இலத்தீனைக் கொண்டும், ஒருவரும் பேசாத நடையில் பெயர்க்கப்பட்ட ஹோமரைக் கொண்டும். உடற்பயிற்சித் தேர்வில் ஒரு கூடைப்பந்தை எறிந்து ஆடச் சொன்னார்கள். இவர்கள் அந்த ஆட்டத்தைக் கண்டதில்லை. ஓக் மரத்தின் உச்சியில் நின்று கோடரியால் கிளை வெட்டும் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி போதாதென்று தீர்ப்பு! இவ்விடத்தைப் படித்துச் சிரியாதார் இல்லை. சிரித்தபின் சும்மா இருக்கவும் முடியாது. மூன்று ஆண்டுகளாகச் சிறுவர்க்குக் கற்பித்துப் பழகியவனை ஆசிரியனாகத் தகுதியற்றவன் என்றும், ஒருநாளும் ஒரு குழந்தைக்குக் கற்பிக்காதவனைத் தகுதியுள்ளவன் என்றும் கூறும் பயிற்சிப் பள்ளி, எதற்குப் பயிற்சி தருகிறது?

வெறும் மனக்கொதிப்போடு இவர்கள் நின்றிருந்தால் இந்நூல் ஒரு முறையீடாகவே முடிந்திருக்கும். இவர்கள் கணக்கில் இறங்கினார்கள். பள்ளிப் பதிவேடுகளையும் சர்க்கார் புள்ளிவிவரங்களையும் திரட்டி, எந்த வகுப்பில் எத்தனை பேர் தள்ளப்பட்டனர், அவர்தம் தந்தையர் செய்யும் தொழில் யாது என்று படம் போட்டுக் காட்டினார்கள். இத்தாலியப் பௌதிகக் கழகம் அக்கணக்கு வேலைக்காகவே ஒரு பரிசு அளித்தது. டாக்டர் மகன் பியெரினோ பள்ளியில் சேருமுன்னரே எழுதப் படிக்கத் தெரிந்தவன்; அவன் ஏறிக்கொண்டே போகிறான். குடியானவர் மகன் ஜியான்னி மீண்டும் மீண்டும் தள்ளப்பட்டு வயலுக்கோ பட்டறைக்கோ போகிறான். தனித்தனி ஆசிரியர் தள்ளும்போது அது ஒரு பையனின் சோம்பலாகத் தெரிகிறது. நாடு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் சோம்பல் எல்லாம் ஏழை வீட்டிலேயே பிறப்பதாக ஆகிறது. இவ்விந்தையை விளக்க எந்தச் சாத்திரம் உண்டு?

நிற்க, அவர்கள் கேட்கும் சீர்திருத்தம் மூன்று. எவனையும் தள்ளாதே; மந்தன் என்று தோன்றுபவனுக்கு முழுநாள் பள்ளி கொடு; சோம்பேறி என்று தோன்றுபவனுக்கு ஒரு குறிக்கோளைக் கொடு. முதலாவதைக் கண்டு அன்று இத்தாலி திடுக்கிட்டது. 1968-ஆம் ஆண்டின் மாணவர் கிளர்ச்சிக்காரர்கள் இந்நூலைக் கையில் ஏந்தினார்கள். மலேசிய வாசகர்களுக்கு அதில் திடுக்கிட ஒன்றுமில்லை. உயர்நிலைப் பள்ளிக்குள் நுழையவிடாது தடுத்த தேர்வு 1964-இல் நீக்கப்பட்டது முதல், இங்கு ஒருவன் தானே வகுப்பு ஏறிக்கொண்டு செல்கிறான். யுபிஎஸ்ஆர் தேர்வும் 2021-இல் எடுக்கப்பட்டது. சிங்கப்பூரில் 1979-ஆம் ஆண்டு அறிக்கையை ஒட்டி வந்த தரம் பிரிக்கும் முறையும், உயர்நிலைப் பள்ளியில் 2024-இல் புதிதாய்ச் சேர்ந்தோர் முதல் கைவிடப்பட்டது. ஆக, முதற் கோரிக்கை நிறைவேறிற்று என்றே வைத்துக் கொள்வோம். ஜியான்னி என்ன ஆனான்?

கடைசி வரிசைப் பலகையில் உட்கார்ந்திருக்கிறான். அவனை யாரும் தள்ளவில்லை, யாரும் எடுக்கவுமில்லை. ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் இருந்துவிட்டு, மொழி மாறும் உயர்நிலைப் பள்ளிக்குச் சென்று, இரு மொழியிலும் ஒரு பத்தி எழுத இயலாமல் வெளியே வருகிறான். முன்பு 'தவறினான்' என்ற ஒரு சொல்லாவது அவன் நிலைமையை ஊருக்கு அறிவித்தது. இப்போது அதுவும் இல்லை. இரண்டாவது கோரிக்கையை விட்டு முதலாவதை மட்டும் நிறைவேற்றுவது மருந்து கொடாமல் நோயாளியின் பெயரை நோய்ப் பட்டியலிலிருந்து அடிப்பதாகும். முழுநாள் பள்ளி இங்கே இல்லாமல் இல்லை. அதற்கு டியூஷன் என்று பெயர். பணம் கட்டக்கூடிய பியெரினோக்கள் அங்கே மாலைதோறும் போகிறார்கள். இச்சிறுவர்களின் மூன்று கோரிக்கைகளையும் பிரிக்கவொண்ணா ஒரே கோரிக்கையாகப் படிக்க வேண்டும் என்பது எம் அபிப்பிராயம். நூலைப் போற்றியவர்களே அவற்றைப் பிரித்தார்கள். எது செலவில்லாததோ அதை எடுத்துக்கொண்டார்கள்.

இனிக் குற்றங்களுக்கு வருவோம். ஹோமர் வேண்டாம், செய்தித்தாள் போதும் என்ற போக்கில் இவர்கள் எழுதும் இடங்களில் எமக்கும் இவர்களுக்கும் வழக்கு உண்டு. பழைய காப்பியத்தைச் செத்த நடையில் வைத்துப் பரீட்சைக் கோலாக்கியவன் குற்றவாளி, காப்பியம் குற்றவாளியன்று. ரப்பர் பால் எடுத்தவரின் பேரன் சிலப்பதிகாரத்தைப் படித்து, அரசவையில் ஒரு பெண் நீதி கேட்டதை அறிந்து நெஞ்சு நிமிரக் கூடாதா? செய்தித்தாள் அவனுக்கு, காப்பியம் டாக்டர் மகனுக்கு என்றால், அது பழைய வருணப் பிரிவினையைப் புதுப் புத்தகப் பையில் போட்டுக் கொடுப்பதே ஆகும்.

அடுத்து, மிஞ்சிய நேரங்களில் தம் பள்ளியில் சவுக்கும் பயன்பட்டதென்று இவர்கள் வெட்கமின்றி ஒப்புகிறார்கள். ஆசிரியை முகஞ்சுளிக்க வேண்டாம் என்றும் சொல்கிறார்கள். பிரம்பை அன்பென்று சொல்லி வளர்ந்த நம்மவர்க்கு இது இனிக்கும். எமக்கு இனிக்கவில்லை. மந்தமானவனுக்காக வகுப்பையே நிறுத்திவைத்த பொறுமைக்கும் சவுக்குக்கும் என்ன உறவு? ஆசிரியர்கள் மணம் செய்யாதிருப்பது நலம் என்ற யோசனையும் அவ்வாறே. ஆசிரியருக்குப் பிள்ளை குட்டி இருப்பதுதான் கல்விக்குக் கேடோ? ஒரு துறவியின் பள்ளியில் பயின்றவர்களுக்குத் துறவே அளவுகோலாகிவிட்டது. அவர் 1967 ஜூனில், நூல் வெளிவந்த சில வாரங்களில், நாற்பத்து நான்கு வயதில் காலமானார். அதன்பின் பள்ளியும் நெடுநாள் நீடிக்கவில்லை. ஒரு மனிதர் உயிரைக் கொடுத்து நடத்திய பள்ளியை நாட்டுப் பள்ளிகள் அனைத்துக்கும் மாதிரியாகக் காட்டும்போது இதை மறைக்கலாகாது. மாதச் சம்பளத்துக்கு ஐம்பது பிள்ளைகளை வைத்துக் கட்டி மேய்க்கும் ஆசிரியைக்கு, அக்கடிதத்துக்குப் பதில் எழுதும் உரிமையும் உண்டு.

பெண்கள் எங்கே என்பது இன்னொரு கேள்வி. எழுதிய எண்மரும் ஆண்கள். மலைப் பாதை கடினம் என்றும், பெண்ணுக்கு அறிவு எதற்கு என்று பெற்றோர் எண்ணினர் என்றும் ஒருவாறு காரணம் சொல்கிறார்கள். பெற்றோரின் மடமையைக் கண்டித்த வகையில் நேர்மைதான். ஆனால் சர்க்காரையும் ஆசிரியையையும் பக்கம் பக்கமாக விசாரித்த பிள்ளைகள் தம் சொந்தத் தங்கைமாரின் வழக்கைச் சில வரிகளில் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

எனினும் நூலின் முதற் பக்கத்தில் ஒரு செய்தி உண்டு. அதை நாம் ஊன்றிப் படிக்க வேண்டும். ஆசிரியைக்கு என்று பெயரிட்டபோதிலும் இது பெற்றோருக்காகவே எழுதப்பட்டது, அவர்கள் ஒன்றுகூட வேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்டது என்கிறார்கள். மலாயாவில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளி வந்தது, கிராணியோ கங்காணியோ கொஞ்சம் எழுத்தறிந்த தொழிலாளியோ ஆசிரியராக அமர்ந்தார். பிள்ளையின் தாய் தந்தையரை ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை. இன்று பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றின் ஆண்டுக் கூட்டத்தில் பெரும்பாலும் பேசப்படுவது யாது? கூரை ஒழுகுவது, பேருந்துக் கட்டணம், பரிசளிப்பு விழாவுக்கு யாரைத் தலைமை தாங்க அழைப்பது. மூன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் தடையின்றிப் படிக்கத் தெரியும், தெரியாதவர்களை யார் வீட்டுத் திண்ணையில் எந்த மாலையில் உட்காரவைத்துப் படிப்பிப்பது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் யார் யாரை அதற்கு ஆசிரியராக்குவது என்ற கணக்கை அந்தக் கூட்டங்களில் ஒருமுறையேனும் எழுந்து கேட்ட தகப்பன்மார் எத்தனை பேர்?