யார் கேட்டது இந்தப் பாட்டை?

2017 ஆகஸ்டில் ஐடியூன்ஸ் கடையில் ஒரு பாட்டு விற்பனைக்கு வந்தது. விலை 99 சென்ட், நீளம் கிட்டத்தட்ட 10 நிமிடம். குரல் கிடையாது, வாத்தியம் கிடையாது, முழுக்க மௌனம். 'ஏ ஏ ஏ ஏ ஏ வெரி குட் சாங்' என்று பெயர் வைத்து சமீர் மெஸ்ராஹி என்பவர் வெளியிட்ட அந்த மௌனம் விற்பனைப் பட்டியலிலும் ஏறியது. வாங்கியவர்கள் கார் வைத்திருந்த ஐபோன்காரர்கள். சாவியைத் திருப்பியதும் கார் ஸ்டீரியோ போனைப் பிடித்துக்கொண்டு, அகர வரிசையில் முதலில் நிற்கும் பாட்டைத் தானாக ஓடவிடும். காலையிலும் அதே பாட்டு, மாலையிலும் அதே பாட்டு. அந்த முதலிடத்தில் மௌனத்தை உட்கார வைத்துவிட்டால், அடுத்து எதைக் கேட்பது என்று முடிவெடுக்க 10 நிமிடம் கிடைக்கும்.

சிரிக்க வைக்கிற தீர்வுதான். ஆனால் கார் புளூடூத்தில் தானாகக் கிளம்பும் பாட்டை நிறுத்தச் சொல்லப்படும் வழிகளில் பெரும்பாலானவை இதே ஜாதி. பாட்டு எங்கே வந்து விழுகிறதோ அங்கே பாத்திரம் வைப்பார்கள். எங்கிருந்து ஒழுகுகிறது என்று அண்ணாந்து பார்க்கிறவர்கள் குறைவு.

அகர வரிசை செய்த வேடிக்கைகளைச் சொல்லாமல் தாண்ட மனமில்லை. ஆங்கிலத் தலைப்புகளை வரிசைப்படுத்தும்போது முன்னால் இருக்கும் 'தி'யை ஐடியூன்ஸ் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் எட் ஷீரனின் 'தி ஏ டீம்' எத்தனையோ கார்களின் சுப்ரபாதமாக ஆனது. 2014 செப்டம்பர் 9 அன்று ஆப்பிள் நிறுவனம் யூ2 குழுவின் 'சாங்ஸ் ஆஃப் இன்னொசன்ஸ்' ஆல்பத்தை 50 கோடிக் கணக்குகளில் கேட்காமலேயே சேர்த்துவிட்டது. சொந்தமாக ஒரு பாட்டும் வாங்கி வைக்காதவரின் போனிலும் அன்று முதல் ஓட்டுவதற்கு ஏதோ இருந்தது. எதிர்ப்பு கிளம்பி, ஒரு வாரத்துக்குள் அதை நீக்கத் தனிப் பக்கம் திறக்க வேண்டி வந்தது. பாடகர் போனோ அக்டோபரில் மன்னிப்பும் கேட்டார். அகர வரிசை வேடிக்கையில் நம் சினிமாப் பாட்டுகளும் பின்தங்கவில்லை. ஆங்கில எழுத்தில் பெயர் பதியும்போது 'ஆ'வுக்கு இரண்டு 'ஏ' போடுகிற வழக்கம் இருப்பதால் 'ஆளப்போறான் தமிழன்' எந்தப் பட்டியலிலும் முன்வரிசைக்கு வந்துவிடும். 'ஆலுமா டோலுமா' அதற்குச் சற்றுப் பின்னால். விடிகாலையில் கோயிலுக்குக் கிளம்பும் வண்டியில் இவற்றில் ஒன்று முழங்கினால், அது ரசனையின் குற்றமல்ல, எழுத்துக்கூட்டலின் குற்றம்.

இனி ஒழுகும் இடத்துக்கு வருவோம். காரும் போனும் புளூடூத்தில் இணைவதை ஒரே இணைப்பாக நினைக்கிறோம். உள்ளே குறைந்தது மூன்று தனித்தனி ஏற்பாடுகள் இருக்கின்றன. பேச்சு அழைப்புக்கு ஒன்று, அதன் பெயர் எச்எஃப்பி. பாட்டின் ஒலியைச் சுமக்க ஏ2டிபி. நிறுத்து, ஓட்டு, அடுத்தது என்ற பொத்தான் கட்டளைகளுக்கு ஏவிஆர்சிபி. வில்லங்கம் இந்த மூன்றாவதில். இணைப்பு கிடைத்த சில நொடிகளில் ஸ்டீரியோ தானாகவே 'ஓட்டு' என்ற கட்டளையை அனுப்புகிறது. போன் கீழ்ப்படிகிறது, அவ்வளவுதான். ஏவிஆர்சிபியின் கட்டளைத் தொகுப்பு ஃபயர்வயர் கேபிள் காலத்து ஒலி, ஒளிக் கருவிகளுக்காக வகுத்ததிலிருந்து எடுத்துக்கொண்டது. எந்தப் பொத்தான், அழுத்தப்பட்டதா விடப்பட்டதா என்பதைத்தான் அது சொல்லும். அழுத்தியது ஓட்டுநரின் விரலா, ஸ்டீரியோவின் மென்பொருளா என்று சொல்ல அதில் இடமே இல்லை. போனின் காதுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கட்டளை வந்தபின் எதை ஓட்டுவது என்பதில்தான் போன்கள் வேறுபடுகின்றன. ஐபோனில் எந்தச் செயலியும் பாடும் நிலையில் இல்லையென்றால் ஆப்பிளின் மியூசிக் செயலி முன்வந்து நிற்கும். ஆண்ட்ராய்டு 8 முதல், உயிரோடு இருக்கும் செயலி இல்லாவிட்டால் கடைசியாக ஒலித்த செயலியைத் தேடிப்பிடித்து எழுப்பும். ஆகவே அங்கே அகர வரிசைத் தொல்லை குறைவு. பதிலாக, நேற்றிரவு படுக்கையில் கேட்டுப் பாதியில் விட்ட கதை காலையில் எல்லோர் முன்னாலும் தொடரும்.

கார் ஏன் இப்படிச் செய்கிறது? வானொலிப் பழக்கம். எந்த நிலையத்தில் வைத்து வண்டியை அணைத்தோமோ, மறுபடி கிளப்பும்போது அதே நிலையம் பாட வேண்டும் என்பது கார் ரேடியோவின் நெடுநாள் மரபு. கேசட்டும் சிடியும் வந்தபோதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன. யாருக்கும் குறையில்லை. அதே தர்க்கத்தைப் புளூடூத்துக்கும் நீட்டினார்கள். கடைசியாக இருந்தது புளூடூத் என்றால், இப்போதும் புளூடூத், ஓட்டு. ரேடியோ காரின் சொத்து. போன் அப்படியல்ல. அதில் உரிமையாளரின் அந்தரங்கம் இருக்கிறது, காருக்கு வெளியே அதற்கு வேறு வேலை இருக்கிறது. இந்த வேறுபாட்டைத்தான் வடிவமைத்தவர்கள் கவனிக்கத் தவறினார்கள்.

இதனால் தானோட்டமே வேண்டாத வழக்கம் என்று தள்ளிவிட முடியாது. தினமும் ஒரு மணி நேரம் ஓட்டி வேலைக்குப் போகிறவருக்கு, காலையில் பாதியில் நின்ற பாட்காஸ்ட் மாலையில் அதே வாக்கியத்திலிருந்து தொடர்வது உண்மையான சௌகரியம். போனைக் கையிலெடுத்துத் திரையைத் தடவ வேண்டாம் என்பது சாலைப் பாதுகாப்புக்கும் நல்லது. பெட்ரோல் போட நிறுத்தி, இரண்டு நிமிடத்தில் மறுபடி கிளப்பும்போது பாட்டு தொடராவிட்டால் நாமே எரிச்சலடைவோம்.

அதே பாதுகாப்பைச் சொல்லித்தான் எதிர்த்தரப்பும் பேசும். வீட்டு வாசலிலிருந்து ரிவர்ஸ் எடுக்கும் நேரம்தான் கண்ணும் காதும் முழுசாக வெளியே இருக்க வேண்டிய நேரம். சரியாக அப்போதுதான் இணைப்பு முடிந்து, நேற்று நெடுஞ்சாலையில் வைத்த உச்ச ஒலியில் பாட்டு வெடிக்கும். கை ஸ்டீயரிங்கை விட்டு ஒலிக்குமிழைத் தேடும். இன்னொரு வகையும் உண்டு. கணவர் வண்டியை எடுக்கிறார், மனைவியின் போன் வீட்டுக்குள் இருக்கிறது. புளூடூத்துக்குச் சுவர் ஒரு பெரிய தடையல்ல. மனைவி கேட்டுக்கொண்டிருந்த தொடர் வாசலில் நிற்கும் காருக்குப் போய்விடும். அதற்குள் அழைப்பு வந்தால் அதுவும் காரில்தான் பேசும்.

பழுது பார்க்கும் வழக்கத்துக்கு வருகிறேன். யாரிடம் சொன்னாலும் முதலில் கிடைக்கும் யோசனை, 'பேரிங்கை அழித்துவிட்டுத் திரும்பப் பண்ணுங்கள்' என்பது. சர்வீஸ் சென்டரிலும் அதைத்தான் செய்து காட்டுவார்கள். இணைப்பே கிடைக்காதபோது அது மருந்து. இங்கே இணைப்பில் நோயில்லை. பேரிங் புதுப்பிப்பது இரண்டு கருவிகளும் ஒன்றையொன்று அடையாளம் காணும் சாவியை. ஸ்டீரியோவின் குணத்தை அது தொடுவதில்லை. அடுத்த முறை சாவி திருப்பும்போது அதே பாட்டு.

முதலில் கட்டளை யாருடையது என்று பார்க்க வேண்டும். அதே போனை வீட்டில் ஒரு புளூடூத் ஸ்பீக்கரோடு இணைத்துப் பார்க்கலாம். பாட்டு கிளம்பவில்லை என்றால் சந்தேகம் காரின் பக்கம் சாயும். வேறொருவர் போனைக் காரில் இணைத்து, அதுவும் கிளம்பினால் சந்தேகம் உறுதி. பிறகு ஸ்டீரியோவை எஃப்எம்முக்கு மாற்றிவிட்டு வண்டியை அணைத்து, மறுபடி கிளப்பிப் பார்க்க வேண்டும். பாட்டு வரவில்லையா? கடைசி இடத்தை நினைவில் வைக்கும் பழக்கம்தான் காரணம். வண்டியை அணைக்கும்முன் எஃப்எம்முக்கு மாற்றுவதே போதுமான மருந்து, செலவும் இல்லை. எஃப்எம்மில் இருக்கும்போதும் சில ஸ்டீரியோக்கள் போனை ஓட்டிவிடும். அதைக் கண்டுபிடிப்பது சிரமம், ஏனென்றால் காதில் எதுவும் விழாது. போன் மட்டும் யாரும் கேட்காத பாட்காஸ்டைப் பாடித் தீர்த்துக்கொண்டிருக்கும்.

ஸ்டீரியோவின் செட்டிங்ஸில் ஆட்டோ பிளே என்றொரு வரி இருந்தால் அதை அணைப்பதே முதல் வேலை. அது இல்லாத வண்டிகளில்தான் போனின் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. அங்கே எனக்கு மரியாதை உள்ள வழி ஆண்ட்ராய்டில் இருக்கிறது. புளூடூத் பட்டியலில் காரின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பற்சக்கரத்தைத் தொட்டால் அழைப்புக்கு ஒரு சுவிட்ச், மீடியா ஒலிக்கு ஒரு சுவிட்ச். இரண்டாவதை அணைத்தால் பேச்சு காரில் வரும், பாட்டு காருக்கு வராது. இழப்பும் உண்டு, வழிகாட்டும் மேப்ஸின் குரல் போனின் சின்ன ஸ்பீக்கருக்குத் திரும்பிவிடக்கூடும். ஆனால் இது உண்மையான குழாயை மூடுகிறது. ஐபோனில் இப்படித் தனித்தனியாகப் பிரிக்கும் சுவிட்சே இல்லை. இத்தனை வருடப் புகாருக்குப் பிறகும் இல்லை என்பது அலட்சியம்.

அதனால் ஐபோன்காரர்கள் ஷார்ட்கட்ஸ் செயலியைப் பிடித்துக்கொள்கிறார்கள். காரின் புளூடூத் இணைந்ததும் பாட்டை நிறுத்து என்று ஒரு தானியங்கி ஏற்பாடு. கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் இது ஓட்டப்பந்தயம். 'நிறுத்து' முந்தி ஓடி, 'ஓட்டு' பிந்தி வந்தால் பாட்டு கிளம்பிவிடும். அதைத் தவிர்க்க நடுவில் சில நொடி காத்திரு என்று சேர்க்கிறார்கள். அந்தச் சில நொடி பாட்டைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். நாமே விரும்பிப் போட்ட பாட்டையும் அது வேறுபாடில்லாமல் நிறுத்தும். மியூசிக் செயலியையே அழித்துவிடுவது 2016-இன் ஐஓஎஸ் 10 முதல் முடியும். அதில் பாட்டு கேட்கிறவருக்கு அது தலைவலிக்குத் தலையை எடுப்பது. கேட்காதவருக்குப் பரவாயில்லை, பாட்காஸ்ட் செயலி அந்த இடத்துக்கு வராத வரை. ஆண்ட்ராய்டு ஆட்டோவில் இசையைத் தானாகத் தொடங்காதே என்ற சுவிட்ச் இருக்கிறது. அது ஆண்ட்ராய்டு ஆட்டோவின் ஆசையை மட்டும்தான் அடக்கும், காரே அனுப்பும் கட்டளையை அல்ல. ஸ்பாட்டிஃபையில் ஆட்டோபிளேயை அணைக்கச் சொல்வோர் பெயர் ஒற்றுமையில் ஏமாந்தவர்கள். பட்டியல் முடிந்ததும் அதே மாதிரிப் பாட்டுகளைத் தொடரும் வசதி அது.

இத்தனைக்கும் தேவையான தகவல் போனிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஹெட்போனைப் பிடுங்கினாலோ புளூடூத் அறுந்தாலோ, ஒலி இனி வெளி ஸ்பீக்கரில் கேட்கும் என்று ஆண்ட்ராய்டு செயலிகளுக்கு ஓர் எச்சரிக்கை அனுப்புகிறது. செயலி அதைப் பார்த்துத்தான் பாட்டை நிறுத்துகிறது. அதாவது, வண்டியை அணைத்ததால் நின்ற பாட்டு எது, ஆள் கையால் நிறுத்திய பாட்டு எது என்று பிரித்தறிய முடியும். முதல் வகையை மட்டும் மறுபடி இணையும்போது தொடர்ந்தால் போதும். கையால் நிறுத்தியதை, இணைந்த சில நொடிக்குள் வரும் 'ஓட்டு' கட்டளைக்காக எழுப்ப வேண்டியதில்லை. அவ்வளவு அவசரமாக எந்த மனிதரும் பொத்தானை அழுத்துவதில்லை. அப்படியும் யாராவது உண்மையிலேயே அழுத்தியிருந்தால், ஸ்டீயரிங்கில் இருக்கும் பொத்தானை இன்னொரு முறை அழுத்த நேரும். தினமும் திடுக்கிடுவதற்கு அது பெரிய விலையல்ல. பெட்ரோல் பங்க் சௌகரியமும் அப்படியே இருக்கும்.

அதுவரை, புது வண்டி வாங்கப் போகிறவர்கள் டெஸ்ட் டிரைவில் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்கலாம். போனில் எல்லாச் செயலியையும் மூடிவிட்டு இணையுங்கள். வண்டியை அணைத்துக் கிளப்புங்கள், பிறகு எஃப்எம்மில் வைத்து அதையே செய்யுங்கள். ஆட்டோ பிளே சுவிட்ச் எந்த மெனுவில் இருக்கிறது என்று விற்பனையாளரையே காட்டச் சொல்லுங்கள். அவரும் தேடுவார்.