வாட்ச்மேன் உண்டு, பூட்டு இல்லை: எஸ்எஸ்டி குறியாக்கம் பற்றிய ஒரு ஆய்வை முன்வைத்து

எஸ்எஸ்டி வாங்கும்போது விவரத்தாளில் ‘ஏஇஎஸ் 256 பிட் ஹார்டுவேர் என்கிரிப்ஷன்’ என்று ஒரு வரி இருக்கும். பாஸ்வேர்டு போட்டுட்டா டிஸ்க் முழுக்கப் பாதுகாப்பு என்றுதான் நாம எடுத்துக்குவோம். இந்த நம்பிக்கையை உரசிப் பார்த்த கட்டுரை ஒண்ணு இருக்கு. நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோ மேயர், பெர்னார்ட் வான் காஸ்டல் இருவரும் எழுதி 2018 நவம்பரில் வெளியிட்டது. தலைப்பு ‘செல்ஃப்-என்கிரிப்டிங் டிசெப்ஷன்’. தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும் ஏமாற்று என்று வச்சுக்கலாம்.

குறியாக்க முறையில் அவங்க கை வைக்கவே இல்லை. ஏஇஎஸ் உடையவில்லை. டிஸ்க்கின் ஃபர்ம்வேரைப் பிரிச்சுப் பார்த்து, ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: நாம கொடுக்கும் பாஸ்வேர்டுக்கும், தரவைப் பூட்டும் சாவிக்கும் கணக்கு ரீதியா தொடர்பு இருக்கா?

முறையா செஞ்சிருந்தா பாஸ்வேர்டிலிருந்து ஒரு சாவி பிறக்கும், அந்தச் சாவி தரவுச் சாவியைப் பூட்டி வச்சிருக்கும். பாஸ்வேர்டு இல்லாம தரவுச் சாவி யாருக்கும் கிடைக்காது, ஃபர்ம்வேருக்கும் சேர்த்துத்தான். குரூஷியல் எம்எக்ஸ்100, எம்எக்ஸ்200 டிஸ்க்குகளில் அப்படி இல்லை. பாஸ்வேர்டு சரியா என்று ஃபர்ம்வேர் ஒப்பிட்டுப் பார்க்குது, சரின்னா விடுது. நம்ம ஊர் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் பேர் கேட்கிற மாதிரி. குடோன் சாவி அவர் முதுகுக்குப் பின்னாலயே ஆணியில் தொங்குது. ஜேடேக் இணைப்பு வழியா ஃபர்ம்வேரின் அந்த ஒப்பீட்டை மாத்திட்டா, எந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் கதவு திறக்கும்.

சாம்சங் 840 எவோ கதை எனக்கு இன்னும் சுவாரசியம். எஸ்எஸ்டி எதையும் அதே இடத்தில் அழிச்சு எழுதாது. ஒரே செல் தேயக்கூடாதுன்னு புதுசை வேற இடத்தில் எழுதி, பழசை ‘இது செல்லாது’ன்னு குறிச்சு வச்சுக்கும். நீங்க பாஸ்வேர்டு வைக்கிற அன்னைக்கு, பூட்டப்படாத பழைய சாவியின் பிரதி சிப்பின் ஏதோ ஒரு மூலையில் அப்படியே கிடக்கலாம். 850 எவோவில் இதைச் சரி செஞ்சுட்டாங்க. ஆனா அதிலும் ஏடிஏ பாஸ்வேர்டை எந்த முறையில் அமைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பாதுகாப்பு.

இது ஏதோ லேப் விளையாட்டு இல்லை. அப்போ விண்டோஸில் பிட்லாக்கரைப் போட்டா, டிஸ்க் தானே குறியாக்கம் செய்யும்னு சொன்னா வேலையை அதுகிட்டயே விட்டுடும். பயனருக்கு இது தெரியாது. மைக்ரோசாஃப்ட் 2018லேயே எச்சரிக்கை கொடுத்தது. 2019 செப்டம்பர் அப்டேட்டில்தான் மென்பொருள் குறியாக்கத்தை இயல்பு நிலையாக்கியது. ஏற்கெனவே ஹார்டுவேர் முறையில் பூட்டின டிஸ்க்கை அந்த அப்டேட் தொடாது. சாம்சங்கும் தன் உள் டிஸ்க்குகளுக்கு மென்பொருள் குறியாக்கத்தையே பரிந்துரைத்தது!

கட்டுரையில் எனக்கு இரண்டு குறை. ஒண்ணு, தலைப்பின் சூடு. சோதிச்சது இரண்டே கம்பெனிகளின் சில மாடல்கள். உள்ளே நிதானமா ‘அமைப்பைப் பொறுத்தது’ என்று எழுதிட்டு, வெளியே ‘ஏமாற்று’ என்று போர்டு மாட்டியிருக்காங்க. ஆனாலும் வெளியே யாரும் பார்க்க முடியாத ஃபர்ம்வேரை நம்பச் சொல்வதே தப்பு என்ற வாதத்தை அசைக்க முடியலை.

இரண்டாவதுதான் பெருசு. தீர்வாக வெராகிரிப்ட் போன்ற திறந்த மென்பொருளைச் சொல்லி முடிச்சுடறாங்க. மங்கலம் பக்கம் ஒரு பத்து மெஷின் யூனிட்டின் ஆபீஸ் கம்ப்யூட்டரை நினைச்சுப் பாருங்க. தொழிலாளிகளின் ஆதார் நகல், வங்கிக் கணக்கு, பிஎஃப், ஈஎஸ்ஐ எண் எல்லாம் ஒரே டிஸ்க்கில். ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவங்க ஆவணமும் அதில்தான். கம்ப்யூட்டர் பழசானா ஃபார்மேட் போட்டு எக்ஸ்சேஞ்சில் தள்ளுவாங்க. ஃபார்மேட் போட்டாலும் எல்லாம் அழிஞ்சிடுச்சுன்னு சொல்ல முடியாது. முழு டிஸ்க்கும் முதல் நாளிலிருந்து முறையா குறியாக்கப்பட்டிருந்தா, சாவியை அழிச்சாலே போதும், மிச்சமெல்லாம் வெறும் குப்பை.

ஆனா அங்க கணக்கு எழுதுறவர் மாறிட்டே இருப்பார். பாஸ்வேர்டு தெரிஞ்ச ஒரே ஆள் வேலையை விட்டுப் போனா, சம்பளப் பட்டியல் திறக்காது. முதலாளிக்குத் திருடனைவிட இந்தப் பயம்தான் அதிகம், அது நியாயமும்கூட. மீட்புச் சாவியை யார் வச்சுக்கறது என்பதைப் பற்றி கட்டுரையில் பேச்சில்லை. பிட்லாக்கர் கொடுக்கும் 48 இலக்க மீட்பு எண்ணை பிரிண்ட் எடுத்து, ஆர்சி புத்தகம், பத்திரம் இருக்கும் அதே பீரோவில் முதலாளி வச்சுட்டா பாதி பிரச்சனை தீரும். அதை அந்தக் கம்ப்யூட்டரிலேயே ஒட்டி வைக்காம இருந்தா சரி.

2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை. 2025 நவம்பரில் வந்த விதிகள் குறியாக்கத்தைப் பேர் சொல்லியே குறிப்பிடுது. ஆனா குறியாக்கம் எங்க நடக்குது, டிஸ்க்கிலா மென்பொருளிலா என்று எந்த ஆடிட்டரும் கேட்டு நான் பார்க்கலை.

நீங்களே பார்க்கலாம். விண்டோஸில் அட்மின் உரிமையோட கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘மேனேஜ்-பிடிஈ’ கட்டளையை ‘ஸ்டேட்டஸ்’ போட்டு ஓட்டுங்க. குறியாக்க முறை என்ற வரியில் ‘எக்ஸ்டிஎஸ்-ஏஇஎஸ்’ என்று வந்தா மென்பொருள்தான் பூட்டுது. ‘ஹார்டுவேர் என்கிரிப்ஷன்’ என்று வந்தா, பேக்கப் எடுத்துட்டு பிட்லாக்கரை முழுசா நீக்கி, குரூப் பாலிசியில் ஹார்டுவேர் முறையைத் தடுத்துட்டு, மறுபடி போடணும். லினக்ஸ்காரங்க லக்ஸ் போட்டிருந்தா இந்த வேலை இல்லை, அது முதலிலிருந்தே மென்பொருளை நம்பி எழுதினது. வேகம் குறையுமேன்னு கவலை வேண்டாம். கடந்த பத்து வருஷத்தில் வந்த பெரும்பாலான இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களில் ஏஇஎஸ்க்குத் தனிக் கட்டளைகளே இருக்கு.