சீழ்க்கை ஒலியும் மீன் துண்டும்

விலங்குகளைப் பழக்குவது பற்றிய நூல்களுள் பெரும்பாலானவை நாய்க்கும் குதிரைக்கும் உரிய கைமுறைகளைக் கூறுவதோடு நின்றுவிடும். 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ‘டோன்ட் ஷூட் த டாக்!’ அத்தகைய நூலன்று. ‘நாயைச் சுடாதே!’ என்பது தலைப்பின் பொருள். இதன் ஆசிரியை கரென் பிரையர் 1960களில் ஹவாய்த் தீவுகளிலுள்ள ‘சீ லைஃப் பார்க்’ என்னும் கடற்காட்சியகத்தில் டால்பின்களைப் பழக்கியவர். நாயைப் பற்றி மட்டுமன்றி, கணவன் மனைவி, பெற்றோர் பிள்ளைகள், பயிற்சியாளர், விளையாட்டு வீரர் ஆகியோரைப் பற்றியும் இந்நூல் நிறையவே பேசுகிறது. 1999இல் இதன் திருத்திய பதிப்பும் வந்தது. இன்றும் பலர் விரும்பிப் படிக்கும் இந்நூலில் எது சோதனையில் தேறிய அறிவு, எது ஆசிரியையின் உற்சாகம் என்று பிரித்துப் பார்ப்பது மாணவர்க்குப் பயன் தரும்.

நூலின் அடிப்படை புதியதன்று. பூட்டிய பெட்டிக்குள் அடைத்த பூனைகள் தற்செயலாகத் தாழை நீக்கி வெளிவருவதையும், முயலுந்தோறும் அதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் குறைவதையும் தார்ன்டைக் 1898இலேயே அளந்து காட்டினார். நல்ல விளைவைத் தரும் செயல் மீண்டும் நிகழும் என்னும் அவரது விதியை ஸ்கின்னர் விரிவாக்கினார். 1938இல் அவரது முதல் பெருநூல் வெளிவந்தது. ஒரு செயலை அடுத்து வந்து, அச்செயல் மீண்டும் நிகழும் வாய்ப்பை மிகுவிப்பது எதுவோ அதுவே வலுவூட்டி. மீன் துண்டு, தலையசைப்பு, ஒரு புன்னகை என அது எதுவாகவும் இருக்கலாம்.

டால்பினிடமிருந்து பிரையர் கற்ற பாடம் என்ன? குதிரைக்குக் கடிவாளம் உண்டு. நாய்க்குச் சங்கிலி உண்டு. மாணவனுக்கு ஒரு காலத்தில் பிரம்பு இருந்தது. நம் கடற்கரை மக்கள் ஓங்கல் என்றழைக்கும் இந்த விலங்குக்கு இவற்றில் ஒன்றையும் மாட்ட முடியாது. கோபித்தால் அது நீந்தி மறு கோடிக்குப் போய்விடும். ஆகவே பழக்குபவரிடம் எஞ்சியிருப்பது மீன் வாளி ஒன்றே. அதிலும் ஓர் இடர் உண்டு. விலங்கு நீரைவிட்டு எழும்பி உச்சியில் இருக்கும் கணத்தில் அதன் வாயில் மீனைத் திணிக்க இயலாது. அது நீந்தி வந்து மீனைப் பெறுவதற்குள் சில வினாடிகள் கழிந்துவிடும். அதற்குள் வேறு பல செயல்களைச் செய்திருக்கும். அவற்றுள் எதற்காக மீன் கிடைத்தது என்பதை அது எப்படி அறியும்? இதற்காகவே சீழ்க்கை. முதலில் சீழ்க்கையையும் மீனையும் பலமுறை இணைத்துக் காட்டுவர். பின்னர் உச்சியை எட்டும் கணத்தில் சீழ்க்கை ஒலிக்கும். மீன் பிறகு வரும். ஒலி அரை வினாடி பிந்தினால் பாராட்டுப் பெறுவது எழும்புதல் அன்று, நீரில் விழுதல்!

காலத்தின் நுண்மையை இவ்வளவு தெளிவாக எடுத்துச் சொல்வதே நூலின் தலையாய சிறப்பு எனக் கருதுகிறேன். ஆய்வகக் குறிப்பேட்டைத் திருத்தி மூன்று வாரம் கழித்துத் திருப்பித் தரும் வழக்கத்தை இதன் ஒளியில் பார்க்க வேண்டும். அப்போது போடும் ‘நன்று’ எந்தச் செயலுக்குப் போய்ச் சேரும்? ஸ்கின்னர் 1953இல் தம் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கச் சென்றபோது, தம் விடை சரியா தவறா என்று உடனுக்குடன் அறியாமல் பிள்ளைகள் அமர்ந்திருந்ததைக் கண்டார். அவர் கற்பிக்கும் எந்திரம் ஒன்றை உருவாக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

இனி, இயற்பியல் பயின்றவர் எவர்க்கும் எழும் ஐயம். வலுவூட்டி எது? நடத்தையை மிகுவிப்பது. நடத்தை ஏன் மிகுந்தது? வலுவூட்டி கிடைத்ததால். இது வட்டமடிக்கும் விளக்கமல்லவா? விசையைப் பற்றியும் இவ்வாறே கேட்பதுண்டு. முடுக்கத்தைத் தருவது விசை. முடுக்கம் ஏன் வந்தது என்றால் விசையால்! ஓரிடத்தில் அளந்த விசையைக் கொண்டு வேறோர் இடத்தில் நிகழப்போவதை முன்னரே கூற முடிவதால்தான் அங்கு வட்டம் உடைகிறது. அவ்வாறே, ஒரு செயலை மிகுவித்த பொருள் அதே விலங்கின் வேறு செயலையும் மிகுவிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிந்தால் மட்டுமே வலுவூட்டி என்னும் சொல்லுக்கு அறிவியல் மதிப்பு உண்டு. நூலாசிரியை இந்தக் கேள்வியில் தங்குவதில்லை. கையில் மீன் வாளியுடன் நிற்பவருக்கு அது தேவைப்படவில்லை போலும்.

நூலின் சுவையான பகுதி, வேண்டாத செயலை ஒழிப்பதற்கான எட்டு வழிகள். முதல் வழி, விலங்கைச் சுட்டுவிடுதல்! அறைத்தோழர் அழுக்குத் துணியை அங்குமிங்கும் போடுகிறாரா? வேறு அறைத்தோழரைத் தேடிக்கொள் என்பது அவ்வழியின் மனித வடிவம். தண்டனை, புறக்கணிப்பு முதலியவை தொடர்ந்து வருகின்றன. இவற்றுள் மிகவும் பயனுடையது, வேண்டாத செயலுடன் ஒத்துப்போகாத வேறொரு செயலைக் கற்பித்தல். உணவு மேசையருகே வந்து கெஞ்சும் நாயை விரட்டிக்கொண்டிருப்பதைவிட, வாசற்படியில் படுத்திருக்கக் கற்றுக்கொடுப்பது எளிது. ஒரே நாய் இரண்டு இடத்தில் இருக்க முடியாதே!

எதிர்மறை வலுவூட்டலைத் தண்டனையோடு குழப்புவோர் பலர். பாடநூல் எழுதுவோரும் இதற்கு விலக்கல்லர். பிரையர் குழப்பவில்லை. இருக்கைப் பட்டையை மாட்டும்வரை கார் ஒலியெழுப்புகிறது, மாட்டியதும் நின்றுவிடுகிறது. தொல்லை நீங்குவதால் ஒரு செயல் வலுப்பெறுகிறது. இது எதிர்மறை வலுவூட்டல். தண்டனையோ செயல் முடிந்த பின் வருவது. என்ன செய்யக் கூடாது என்பதை ஓரளவு உணர்த்தலாம். என்ன செய்ய வேண்டும் என்பதை அது கற்பிப்பதில்லை. அப்படியானால் மக்கள் ஏன் அதை விடாமல் கைக்கொள்கின்றனர்? பிரையரின் விடை கூர்மையானது. தண்டித்ததும் இரைச்சல் அக்கணமே அடங்குகிறது. அந்த அமைதி தண்டித்தவருக்குக் கிடைத்த பரிசு! ஆகவே தண்டிக்கும் பழக்கமே வலுப்பெறுகிறது. நம் நாட்டில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் குழந்தைகளை உடலாலும் உள்ளத்தாலும் வருத்துவதைத் தடை செய்துள்ளது. சட்டம் வந்த பின்னும் சில கைகள் ஏன் ஓங்குகின்றன என்பதற்கு இந்தப் பக்கங்களில் ஒரு விளக்கம் கிடைக்கிறது.

குறைகளுக்கு வருவோம். விலங்கின் பிறவி இயல்புக்கு இந்நூல் உரிய இடம் தரவில்லை. ஸ்கின்னரிடம் பயின்ற கெல்லர் பிரெலண்டும் அவர் மனைவி மரியனும் பல்வகை விலங்குகளைக் காட்சிகளுக்காகப் பழக்கியவர்கள். 1961இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை தம் தோல்விகளைப் பற்றியது. காசை எடுத்து உண்டியலில் போட ரக்கூன் என்னும் விலங்கைப் பழக்கினர். இரண்டு காசு கொடுத்ததும் அது போடாமல், ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தது. பன்றியோ காசைக் கீழே போட்டு மூக்கால் கிளறியது. உணவு தாமதமாகும் என்று தெரிந்தும் இச்செயல்கள் நாளுக்கு நாள் வளர்ந்தனவேயன்றிக் குறையவில்லை. இரையைக் கையாளும் பிறவிப் பழக்கம் வலுவூட்டலை வென்றுவிட்டது. எந்த உயிரையும் எதற்கும் பழக்கலாம் என எண்ணத் தூண்டும் நூலில் இச்செய்தி பெரிதாக இடம்பெற்றிருக்க வேண்டும்.

மற்றொன்று, மனிதரைப் பற்றியது. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் மழலைப் பள்ளிக் குழந்தைகளிடம் ஒரு சோதனை நடத்தினர். தாமாகவே விரும்பிப் படம் வரையும் குழந்தைகளுள் ஒரு பிரிவினருக்குப் பரிசுச் சான்று தருவதாக முன்னரே கூறினர். ஒரு பிரிவினருக்கு எதிர்பாராமல் கொடுத்தனர். இன்னொரு பிரிவினருக்கு ஒன்றுமில்லை. சில நாள் கழித்துப் பார்த்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்தவர்கள் ஏனையோர் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தனர். பரிசு ஆர்வத்தைக் கொன்றுவிடும் என்று இதிலிருந்து சிலர் முடிவு கட்டுவர். அது மிகை. எதிர்பாராமல் பெற்றவர்களின் ஆர்வம் குறையவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தீங்கு செய்தது முன்கூட்டிப் பேசிய பேரம். பிரையரின் சீழ்க்கையோ பேரமன்று, ‘இதுதான்’ என்று அக்கணம் சுட்டிக்காட்டும் விரல். ஆனால் இந்த வேறுபாட்டை வாசகரே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. முதல் மதிப்பெண்ணுக்குச் சைக்கிள் வாங்கித் தருவதாக வாக்களிக்கும் தந்தை, தாமும் பிரையர் சொன்னபடியே செய்வதாக எண்ணிக்கொள்ளக் கூடும்.

நூலின் சான்றுகளுள் பெரும்பாலானவை நிகழ்ச்சிக் கதைகள். வென்றவை சொல்லப்படுகின்றன, முயன்று தோற்றவை எத்தனை என்ற கணக்கு இல்லை. பத்து அளவீடுகளில் பிடித்த ஆறை மட்டும் எழுதிவரும் மாணவரை நாம் ஏற்போமா?

இத்தனைக்கும் பிரையர் முறையான சோதனை அறியாதவர் அல்லர். முன்பு ஒருபோதும் செய்யாத செயலுக்கு மட்டுமே மீன் என்னும் விதியை வகுத்து, மாலியா, ஹௌ என்னும் இரண்டு டால்பின்களைப் பழக்கினார். பழைய வித்தைகளைக் காட்டிப் பயன் காணாத மாலியா, ஒரு நாள் மல்லாந்து, வாலை நீருக்கு மேலே தூக்கியபடி சறுக்கிச் சென்றது. எவரும் கற்பிக்காத செயல் அது. ஹௌவிடம் இதையே முறைப்படி பதிவு செய்து, இருவருடன் சேர்ந்து 1969இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். புதுமை காண்பதையே வலுவூட்டலாம் என்பது அதன் முடிவு.

அந்தப் பயிற்சிக் காலத்து நிகழ்ச்சி ஒன்றையும் நூலில் சொல்கிறார். நெடுநேரம் பரிசு பெறாமல் டால்பின் சோர்ந்து ஒதுங்கிவிட்டது. பிரையர் அதற்கு இரண்டு மீன்களைச் சும்மா எறிந்தார். ஏட்டுக் கொள்கைப்படி இது சோம்பலுக்குத் தந்த பரிசு. சோம்பலே வளர்ந்திருக்க வேண்டும். ஆனால் விலங்கு திடுக்கிட்டு, மீண்டும் சுறுசுறுப்பாக முயலத் தொடங்கியது. தம் கொள்கைக்கு எளிதில் அடங்காத இந்நிகழ்ச்சியை அவர் மறைக்கவில்லை. இதை விளக்க முயலும் மாணவர், பசி, எதிர்பார்ப்பு, வியப்பு ஆகியவற்றுள் எதை எப்படி அளப்பது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.